நீங்கலாக என்ற ஒரு சொல்

அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சொற்களிடத்தில் அத்தனை அச்சம் இல்லை. இறைமை என்றும் ஆட்சியெல்லை என்றும் வருகிற சொற்களுக்கு அகராதி இருக்கிறது. அகராதி கைவிட்டால் கலைச்சொற் குழு இருக்கிறது. எம்மை நடுங்க வைப்பவை சின்னஞ்சிறு சொற்களே. ‘உட்பட’, ‘வரை’, ‘அன்றியும்’, ‘நீங்கலாக’ என்பவற்றுள் ஒன்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டால், படி பெறவேண்டியவர் பெறாமற் போவார், பெறக்கூடாதவர் பெற்றுவிடுவார். பிறகு திருத்தம், திருத்தத்திற்குத் திருத்தம் என்று காகிதம் பெருகும்.

அலுவலகத்தில் இதனால் விளையும் தீங்கு அவ்வளவே. நாடுகளுக்கிடையே எழுதப்படும் சமாதான உடன்படிக்கையில் இப்படி ஒரு சிறுசொல் என்ன செய்யும் என்பதற்கு எமக்குத் தெரிந்த உதாரணங்களுள் தலையாயது, 1814-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதியிட்ட கீல் உடன்படிக்கையாகும். நெப்போலியன் காலத்துப் போர்களைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அமியான்ஸ், டில்சிட், பாரிஸ், வியன்னா என்ற பெயர்கள் நினைவிருக்கலாம். கீல் என்ற பெயரைப் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். பால்டிக் கடலோரத்தில் இன்று ஜெர்மனியைச் சேர்ந்ததாக உள்ள துறைமுக நகரம் அது. அக்காலத்தில் ஹோல்ஸ்டைன் என்ற பகுதியில், டென்மார்க் அரசரின் ஆளுகையில் இருந்தது. ஆயினும் உடன்படிக்கை எழுதப்பட்ட வேளையில் அந்நகரில் ஸ்வீடன் நாட்டுப் படைகள் புகுந்து அமர்ந்திருந்தன. தன் ஊரிலேயே, பகைவனின் காவலுக்குள் உட்கார்ந்து, டென்மார்க் தன்னைக் காட்டிலும் பன்மடங்கு பரப்புள்ள நார்வேயைக் கையெழுத்திட்டுக் கொடுத்தது.

நார்வே டென்மார்க்கின் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சிறிது சொல்லவேண்டும். 1380-இல் அரச குடும்பங்களின் திருமண உறவினாலும் வாரிசு உரிமையினாலும் இரு நாட்டு முடிகளும் ஒரே தலைமீது அமர்ந்தன. போரால் வந்த இணைப்பு அன்று. ஆனால் காலப்போக்கில் கோபன்ஹேகன் தலைநகரமாகவும், நார்வே அதற்கு வரியும் மரமும் மீனும் மாலுமிகளும் அனுப்பும் நாடாகவும் ஆயின. 1536-க்குப் பின் நார்வேக்கெனத் தனி அரசவையும் இல்லை. எழுத்து மொழி டேனிஷ். பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென்று நெடுங்காலம் கேட்டுக் கேட்டு, 1811-இல்தான் பெற்றார்கள். இப்படி 434 ஆண்டுகள் கழிந்தன. நார்வே மக்கள் பெரிதாகக் கலகம் செய்யவில்லை. டென்மார்க் அரசரை விசுவாசத்துடனேயே ஏற்றிருந்தார்கள். பின்னால் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இந்த விசுவாசத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நெப்போலியப் போர்களில் டென்மார்க் முதலில் யார் பக்கமும் சேராமல் வியாபாரம் செய்துகொண்டிருந்தது. 1807-இல் டில்சிட்டில் நெப்போலியனும் ரஷ்யப் பேரரசரும் கைகோத்ததும், டென்மார்க்கின் பெரிய கடற்படை பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கிவிடுமோ என்று இங்கிலாந்து அஞ்சியது. அவ்வாண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் நகரத்தின்மீதே குண்டுமாரி பொழிந்தார்கள். வீடுகள் எரிந்தன, குடிமக்கள் மாண்டனர், கப்பற்படை முழுதும் பிடித்துச் செல்லப்பட்டது. தன்னோடு போரிடாத நாட்டின் தலைநகரை இப்படித் தாக்கியது முறைதானா என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. எது எவ்வாறாயினும், அச்சத்தினால் செய்த காரியம் அஞ்சியதையே கொண்டுவந்து சேர்த்தது. டென்மார்க் சினந்து நெப்போலியன் பக்கம் போய்விட்டது; இறுதிவரை அங்கேயே நின்றது.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் நார்வே மக்கள். மலையும் காடும் கடலும் நிறைந்த அந்நாட்டில் விளையும் தானியம் ஊருக்குப் போதாது. டென்மார்க்கிலிருந்து கப்பலில் தானியம் வரவேண்டும். ஆங்கிலக் கப்பல்கள் கடலை மறித்துக்கொண்டன. 1808, 1809 ஆண்டுகளிலும், 1812-இல் குளிர் பயிரை அழித்த பின்னரும், மக்கள் பைன் மரப்பட்டையை உரித்து, உலர்த்தி, இடித்து, மாவோடு கலந்து ரொட்டி சுட்டு உண்டார்கள். சிறு படகில் தனியே கடலைக் கடந்து, ஒரு மூட்டை தானியத்துக்காக டென்மார்க் போய்த் திரும்பும்போது பிடிபட்டவர்களும் உண்டு.

மறுபுறம் ஸ்வீடன். அது 1809-இல் ரஷ்யாவிடம் தோற்று, நூற்றாண்டுகளாகத் தன்னோடு இருந்த பின்லாந்தை இழந்திருந்தது. அரசரை நீக்கிவிட்டு, அவருடைய சிறிய தகப்பனாரை அரியணையில் அமர்த்தினார்கள். அவர் முதியவர், வாரிசு இல்லை. 1810-இல் பட்டத்து இளவரசராக அவர்கள் தெரிந்தெடுத்தவர் ஸ்வீடன்காரர் அல்லர்; நெப்போலியனின் தளபதிகளுள் ஒருவரான பெர்னடாட். தமக்கு ஒரு படைத் தலைவர் கிடைத்தால் பின்லாந்தை மீட்கலாம் என்பது ஸ்வீடன் மக்களின் எண்ணம். கார்ல் யோஹான் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்ட பெர்னடாட்டின் எண்ணமோ வேறு. ரஷ்யாவிடமிருந்து பின்லாந்தைப் பிடுங்குவது கடினம். டென்மார்க்கிடமிருந்து நார்வேயைப் பிடுங்குவது எளிது. ஆகவே தம் பழைய எசமானுக்கு எதிராகவே திரும்பி, 1812-இல் ரஷ்யாவிடமும், 1813-இல் இங்கிலாந்திடமும், தாம் சேர்ந்து போரிடுவதற்குக் கூலியாக நார்வேயைக் கேட்டு வாக்குறுதி பெற்றார். கீலில் பேச்சு நடப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நார்வே இப்படி விலை பேசப்பட்டாயிற்று.

1813 அக்டோபரில் லைப்சிக் நகரத்துப் போரில் நெப்போலியன் தோற்றார். மற்றப் படைகள் பிரான்ஸை நோக்கிச் சென்றன. கார்ல் யோஹான் தம் படையுடன் வடக்கே திரும்பி, டிசம்பரில் ஹோல்ஸ்டைனுக்குள் புகுந்தார். டென்மார்க் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பொருளாதாரத்தில் நொடித்துப் போயிருந்தது. அதன் காகித நாணயத்துக்கு மதிப்பில்லை. அரசர் ஆறாம் பிரடெரிக் இணங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் சார்பில் எட்மண்ட் போர்க் என்பவரும், ஸ்வீடன் சார்பில் வெட்டர்ஸ்டெட் என்பவரும், இங்கிலாந்தின் சார்பில் தார்ன்டன் என்பவரும் கீலில் கூடினார்கள். நார்வேயின் சார்பில் ஒருவரும் இல்லை. இருக்கவேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை.

உடன்படிக்கையின் நான்காவது விதிதான் நம்முடைய பேச்சுக்கு உயிர். அக்காலத்துத் தூதர் வழக்கப்படி பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது அது. கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லி, அதிலுள்ள கிணறும் மரமும் வழிநடை உரிமையும் சேர்த்து எழுதுவது போல, நார்வேயின் நான்கு மறைமாவட்டங்களைப் பெயர் சொல்லி, வடகோடியில் ரஷ்ய எல்லைவரை உள்ள நிலங்களைச் சொல்லி, குடிகள், நகரங்கள், துறைமுகங்கள், கோட்டைகள், சிற்றூர்கள், கரையோரத் தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்து, அந்த ராஜ்யத்தைச் சார்ந்த பிற நாடுகளையும் சேர்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். அந்த இடத்திலே இடைச்செருகலாக ஒரு தொடர் வருகிறது. கிரீன்லாந்து, பேரோ தீவுகள், ஐஸ்லாந்து நீங்கலாக என்பதே அது. பிறகு வாக்கியம் ஒன்றும் நடவாததுபோல மேலே செல்கிறது.

இந்த மூன்று நிலங்களும் உண்மையில் நார்வேயின் பழஞ்சொத்து. ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் 13-ஆம் நூற்றாண்டிலேயே நார்வே அரசருக்கு அடங்கியவை. டென்மார்க்கோடு இணைந்தபோது நார்வேயின் சீதனமாக வந்தவை என்றே சொல்லலாம். நெடுங்காலம் தொடர்பற்றுக் கிடந்த கிரீன்லாந்துக்கு 1721-இல் கப்பலேறிச் சென்று மீண்டும் தொடர்பை உண்டாக்கிய பாதிரியார் ஹான்ஸ் எகெடே நார்வேயில் பிறந்தவர். நார்வேயின் பெர்கன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர். ஆகவே அந்த மூன்று பெயர்களையும் குறிப்பிடாமல் விட்டிருந்தால், ‘சார்ந்த நாடுகள்’ என்ற பொதுச்சொல்லே அவற்றையும் இழுத்துக்கொண்டு ஸ்வீடன் அரசரிடம் போயிருக்கும். போர்க் அதை அறிந்திருந்தார். வெட்டர்ஸ்டெட் அறியவில்லை. இவை நார்வேக்கு என்றுமே உரியவை அல்ல, ஆயினும் போர்க் தனியே குறிப்பிட விரும்பினார், மறுக்கவேண்டாம் என்று எமக்குத் தோன்றிற்று என்ற கருத்துப்பட அவர் தம் அமைச்சருக்கு எழுதிய கடிதம் பின்னால் வெளிவந்தது.

தோற்றவனுடைய தூதர் இப்படி ஒரு வெற்றியைச் சத்தமின்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். இதில் மொழிபெயர்ப்பாளருக்கு உவப்பான நுட்பம் ஒன்று உண்டு. ஒன்றை நீங்கலாக என்று சொல்வது, சொல்லாவிடில் அது உள்ளே இருக்கும் என்று ஒப்புக்கொள்வதாகும். சம்பந்தமே இல்லாத ஒன்றை யாரும் விலக்குவதில்லை. ஆகவே அந்தத் தொடர் மூன்று நிலங்களையும் நார்வேயிடமிருந்து பிரித்தது; பிரித்த அதே மூச்சில் அவை நார்வேயினுடையவை என்று சாட்சியும் சொல்லிவிட்டது. 119 ஆண்டுகள் கழித்து நீதிபதிகளின்முன் இந்த இரட்டைப் பொருள் வந்து நின்றது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

அந்த விதியில் இன்னொரு சொல்லமைதியும் கவனிக்கத்தக்கது. நார்வே ஸ்வீடன் நாட்டுக்குக் கொடுக்கப்படவில்லை. ஸ்வீடன் அரசருக்குக் கொடுக்கப்பட்டது. அதுவும் ஒரு மாகாணமாக அன்று. ஸ்வீடனோடு இணைந்த ஒரு ராஜ்யமாக. பெரிய தேசங்களின் மனத்தாங்கலைத் தணிக்கவோ, நார்வே மக்களைச் சமாதானப்படுத்தவோ எழுதிய தொடராக இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு நார்வே மக்கள் எவ்வளவு தூரம் ஏறுவார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

மற்ற விதிகளை விரைவாகக் கடந்துவிடலாம். நார்வேக்கு ஈடாக ஸ்வீடன் தன் வசமிருந்த பொமரேனியாவை டென்மார்க்குக்குத் தருவதென்று முடிவாயிற்று. அதை டென்மார்க் வைத்துக்கொள்ள முடியவில்லை; மறு ஆண்டே பிரஷ்யாவுக்குக் கைமாற்றி, லௌன்பெர்க் என்ற சிறு பகுதியைப் பெற்றது. டென்மார்க் – நார்வேயின் பொதுக் கடனில் நார்வே தன் பங்கைச் சுமக்கவேண்டும் என்றும் எழுதினார்கள். அதே நாளில் இங்கிலாந்துடன் தனியே எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, ஹெலிகோலாண்டு தீவு நீங்கலாக, போரில் பிடித்த டேனிஷ் குடியேற்றங்களை எல்லாம் ஆங்கிலேயர் திருப்பித் தர இசைந்தார்கள். இங்கும் ஒரு ‘நீங்கலாக’ என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். அந்தக் குடியேற்றங்களுள் நம் நாட்டு ஊர்கள் இரண்டு இருந்தன.

செய்தி நார்வேக்கு ஜனவரி மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தது. அங்கே அரசப் பிரதிநிதியாக இருந்தவர் கிறிஸ்டியன் பிரடெரிக் என்ற இளவரசர், வயது 27, டென்மார்க் முடிக்கு வாரிசு. கோட்டைகளை ஸ்வீடன் படையிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வா என்பது அரச ஆணை. அவர் திரும்பவில்லை. நார்வேயில் ஊர் ஊராகச் சென்று மக்களைப் பார்த்தார். எங்கும் ஒரே மறுப்பைக் கண்டார். நாமே அரசராகி நின்றால் என்ன என்று எண்ணினார். தமக்குப் பிறப்புரிமை இருக்கிறதல்லவா?

பிப்ரவரி 16-ஆம் தேதி ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கார்ஸ்டென் அங்கர் என்ற செல்வரின் மாளிகையில் நாட்டின் முக்கியஸ்தர்கள் கூடினார்கள். புதிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கியோர்க் ஸ்வெர்ட்ரூப் அப்போது இளவரசரிடம் கூறிய கருத்து நார்வே வரலாற்றில் மறவாமல் சொல்லப்படுவது. டென்மார்க் அரசர் தம் முடியைத் துறக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. துறந்த முடியை இன்னொருவருக்குக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அவர் விட்ட கணத்தில் அது மக்களிடம் திரும்பிவிட்டது. மக்கள் கொடுத்தால் தாங்கள் அரசர். பிறப்பினால் தங்களுக்கு எங்களைவிட அதிக உரிமை ஒன்றும் இல்லை. அரசகுமாரரின் முகத்துக்கு நேரே ஒரு கிரேக்க மொழிப் பேராசிரியர் இதைச் சொன்னார். இளவரசர் ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பை நாம் சிறிதாக மதிப்பிடலாகாது.

பிப்ரவரி 25-ஆம் தேதி முதல் மாதாகோயில்களில் மக்கள் கூடினர். நார்வேயின் சுதந்திரத்தைக் காக்க உயிரையும் உதிரத்தையும் கொடுப்போம் என்று பிரமாணம் செய்து, பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்கும் வாக்காளர்களை நியமித்தார்கள். வறுமையில் மரப்பட்டை தின்ற அதே மக்கள்! ஏப்ரலில் 112 பிரதிநிதிகள் ஐட்ஸ்வோலில் சேர்ந்தார்கள். அதிகாரிகள், விவசாயிகள், வியாபாரிகள், படைவீரர்கள், மாலுமிகள் எனப் பலதிறத்தார். ஒருவருக்கு வயது 17தான். நாட்டின் வடகோடியிலிருந்து வரவேண்டியவர்கள் தூரத்தினால் காலத்தில் வந்து சேர முடியவில்லை. ஆறு வாரத்திற்குள் அரசியல் சட்டத்தை எழுதி, மே மாதம் 17-ஆம் தேதி கையெழுத்திட்டு, கிறிஸ்டியன் பிரடெரிக்கை அரசராகத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சட்டமே பல திருத்தங்களோடு இன்றும் நார்வேயில் நடைமுறையில் உள்ளது.

அச்சபையைப் புகழ்பவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுவதுண்டு. ஒன்று, அதன் இரண்டாம் விதி யூதர்கள் நாட்டுக்குள் வரலாகாது என்று தடுத்தது. 1851-இல்தான் அத்தடை நீங்கியது. விடுதலை கேட்டவர்களே வாயிலில் இப்படி ஒரு விலக்கை எழுதி வைத்தார்கள். மற்றொன்று, சபையில் எல்லாரும் ஒரே மனத்தினர் அல்லர். வெடல் யார்ல்ஸ்பெர்க் பிரபுவும் அவரைச் சார்ந்தவர்களும், இங்கிலாந்தும் ரஷ்யாவும் ஸ்வீடன் பக்கம் இருக்கும்போது தனித்து நிற்க முடியாது, நல்ல நிபந்தனைகளுடன் ஸ்வீடனோடு இணைவதே அறிவு என்று வாதித்தார்கள். அவர்களை அன்று துரோகிகள் போலப் பார்த்தார்கள். கடல் மறிபட்டால் மீண்டும் பஞ்சம் என்பதை அறிந்து பேசியவர்களைக் கோழைகள் என்று கூற எமக்கு மனம் வரவில்லை. நிகழ்ந்தது என்னவோ ஏறக்குறைய அவர்கள் சொன்னபடியே நிகழ்ந்தது.

ஜூலைக் கடைசியில் கார்ல் யோஹான் படையெடுத்தார். மூன்று வாரத்தில் போர் முடிந்தது. ஆனால் ஆகஸ்ட் 14-ஆம் தேதி மோஸ் என்ற ஊரில் எழுதப்பட்ட உடன்பாடு வெற்றி பெற்றவன் தோற்றவனுக்கு இட்ட கட்டளையாக இல்லை. கிறிஸ்டியன் பிரடெரிக் முடியைத் துறக்கவேண்டும். அதை அவர் ஸ்வீடனிடம் கொடுக்காமல், ஸ்டோர்ட்டிங் என்னும் நார்வே நாடாளுமன்றத்திடம் கொடுப்பார். ஸ்வீடனோ ஐட்ஸ்வோல் அரசியல் சட்டத்தை, இணைப்புக்குத் தேவையான மாற்றங்களோடு, ஏற்றுக்கொள்ளும். கீல் உடன்படிக்கையை அடிப்படையாகக் காட்டாமலே இது எழுதப்பட்டது. பாரிஸிலும் வியன்னாவிலும் தமக்கு வேலை இருந்ததால் கார்ல் யோஹான் அவசரப்பட்டார் என்பர் சிலர். எழுதப்பட்ட ஒரு சட்டமும் அதற்குப் பின்னால் நிற்கும் மக்களும் இல்லாவிட்டால், அவர் அவசரப்பட்டும் நார்வேக்குப் பயன் இராது. நவம்பர் 4-ஆம் தேதி ஸ்டோர்ட்டிங் சட்டத்தைத் திருத்தி, ஸ்வீடன் அரசரையே நார்வேயின் அரசராகத் தானே தெரிந்தெடுத்தது. கீலில் ‘கொடுக்கப்பட்ட’ நாடு, பத்து மாதத்தில், தன்னைத் தானே கொடுத்துக்கொண்ட நாடாகக் காகிதத்தில் மாறிற்று. 1815-இல் இயற்றப்பட்ட இணைப்புச் சட்டம், இந்த இணைப்பு ஆயுத பலத்தினால் அன்றித் தன்னிச்சையான நம்பிக்கையினால் ஏற்பட்டது என்று கூறிக்கொள்கிறது. முந்திய ஆண்டு பீரங்கி வெடித்ததை மறந்து எழுதிய வாக்கியம். எனினும் அந்தப் பொய்யை நார்வே மக்கள் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். அவர்களுக்கு அது பயன்படும் பொய்.

91 ஆண்டுகள் அந்த இணைப்பு நீடித்தது. 1905-இல் நார்வே பிரிந்தது. பொதுவாக்கெடுப்பில் பிரிவுக்குச் சார்பாக 368,208 வாக்குகளும் எதிராக 184 வாக்குகளும் விழுந்தன. பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. அவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துக்களைத் தாமாகவே திரட்டிக் கொடுத்தார்கள். போர் மூளவில்லை.

இனி அந்த மூன்று நிலங்களின் கதைக்கு வருவோம். நார்வேயின் மீது சுமத்தப்பட்ட கடன் பங்கைப் பற்றிப் பல ஆண்டு சச்சரவு நடந்து, 1819 செப்டம்பர் 1-ஆம் தேதி ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கீல் உடன்படிக்கையைப் பற்றிய விவகாரங்கள் யாவும் இத்துடன் முற்றாகத் தீர்ந்தன என்று அதில் ஒரு வாசகம் சேர்த்தார்கள். கணக்கு முடிக்கும்போது எழுதும் சம்பிரதாய வாசகம்தான். ஆனால் நார்வே மக்களின் மனத்தில் விவகாரம் தீரவில்லை. எங்கள் முன்னோர் கண்ட நிலம், எங்கள் பாதிரியார் மீண்டும் தேடிச் சென்ற நிலம், ஒரு சொல்லால் போய்விட்டதே என்ற குறை தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1931 ஜூனில் நார்வே வேட்டைக்காரர் சிலர் கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் தங்கள் கொடியை ஏற்றினார்கள். ஜூலை 10-ஆம் தேதி நார்வே அரசாங்கமே அப்பகுதியைத் தன்னுடையதாகப் பிரகடனம் செய்தது. டென்மார்க் உடனே ஹேக் நகரிலிருந்த சர்வதேச நிரந்தர நீதிமன்றத்தை அணுகியது.

1933 ஏப்ரல் 5-ஆம் தேதி தீர்ப்பு டென்மார்க்கின் பக்கம் வந்தது. நீதிபதிகள் பல ஆதாரங்களைப் பார்த்தார்கள். நார்வேயின் உடைமையாக இருந்தது, கீல் உடன்படிக்கையின் விலக்கினால் டென்மார்க் அரசரிடமே தங்கிவிட்டது என்றார்கள். 1819-ஆம் ஆண்டின் அந்தச் சம்பிரதாய வாசகத்தையும் எடுத்துக் காட்டினார்கள். 1919-இல் நார்வேயின் வெளிநாட்டு அமைச்சர் டென்மார்க்கின் தூதரிடம், இவ்விஷயத்தில் தம் அரசாங்கம் இடையூறு செய்யாது என்று வாய்மொழியாகச் சொன்னதும் நார்வேயைக் கட்டுப்படுத்தும் என்றார்கள். அமைச்சர் சொன்ன சொல்லை அன்றே ஒருவர் குறித்து வைத்திருந்தார். எழுத்தர்களை ஏளனம் செய்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். போருக்குப் போயிருக்கக்கூடிய ஒரு வழக்கில் நார்வே தீர்ப்பை ஏற்று, இரண்டே நாளில் தன் பிரகடனத்தைத் திரும்பப் பெற்றது.

கீலில் விலக்கப்பட்ட மூன்றும் ஒரே வழியில் செல்லவில்லை. ஐஸ்லாந்து 1918-இல் டென்மார்க் அரசரைத் தனக்கும் அரசராகக் கொண்ட தனிநாடாகி, 1944-இல் குடியரசாயிற்று. பேரோ தீவுகள் 1948 முதலும், கிரீன்லாந்து 1979 முதலும் தன்னாட்சி பெற்று, டென்மார்க் முடியின்கீழ் இருக்கின்றன. 1814-இல் அந்தத் தொடரை எழுதும்போது ஐஸ்லாந்துக்காரரையோ பேரோ தீவினரையோ கிரீன்லாந்தில் வாழ்ந்த இனுயிட் மக்களையோ ஒருவரும் கேட்கவில்லை. நார்வேக்காரர் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பேசியபோதும், 1931-இல் கொடி ஏற்றியபோதும், அந்தக் கேள்வி அவர்களுக்கும் எழவில்லை.

நம் நாட்டு ஊர்கள் இரண்டு என்று முன்னே சொன்னோம். தரங்கம்பாடியும் செராம்பூரும் அவை. கல்கத்தாவில் வாழும் நேயர்கள் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள செராம்பூரை நன்கு அறிவார்கள். கோபன்ஹேகன் சண்டையின் விளைவாக 1808-இல் இரண்டையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். கீலில் எழுதப்பட்டபடி 1815-இல் திருப்பிக் கொடுத்தனர். திரும்பக் கொடுத்திராவிட்டால் நிகழ்ந்திராத செயல் ஒன்றைக் குறிப்பிடலாம். கேரியும் அவருடைய நண்பர்களும் 1818-இல் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் சாசனமாகக் கொடுத்தவர், நார்வேயை இழந்த அதே ஆறாம் பிரடெரிக் அரசர்.

தரங்கம்பாடி தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-இல் டேனியர் பெற்ற இடம். சீகன்பால்கு ஐயர் 1706-இல் வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அங்கேதான். ஐட்ஸ்வோல் மாளிகைக்கும் அவ்வூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மாளிகைக்குரிய கார்ஸ்டென் அங்கர் கோபன்ஹேகனில் ஆசிய வர்த்தகக் கம்பெனியின் நிர்வாகிகளுள் ஒருவராக இருந்தவர். அவருடைய நெருங்கிய உறவினரான பீட்டர் அங்கர் என்ற நார்வேக்காரர் 1788 முதல் 1806 வரை தரங்கம்பாடியின் ஆளுநராக இருந்து, தென்னாட்டுக் கோயில்களைச் சித்திரமாக எழுதிச் சென்றவர்.

1815-க்குப் பின் தரங்கம்பாடி வியாபாரத்தில் தலைதூக்கவில்லை. செலவு வரவை விழுங்கியது. 1845-இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. குடிகளோடு, கோட்டையோடு, துறைமுகத்தோடு. அப்போது டென்மார்க்கின் அரியணையில் இருந்தவர் எட்டாம் கிறிஸ்டியன். 1814-இல் ஐட்ஸ்வோலில், அரசர் தம் முடியைத் துறக்கலாமே ஒழிய மக்களைக் கைமாற்ற முடியாது என்ற சொல்லைப் பேராசிரியர் ஸ்வெர்ட்ரூப்பின் வாயிலிருந்து நேரில் கேட்டு ஒப்புக்கொண்ட கிறிஸ்டியன் பிரடெரிக் அவரே.